கண்ணால் பார்த்தவர் யார்?

சாவுச் செய்தியோடு எங்கள் பிளக்ஸ் கடைக்குள் வருகிறவர்களிடம், பேனர் டிசைன் செய்கிற அவள் முதலில் கேட்பது அந்த ஒரு கேள்விதான். "கண்ணால பாத்தவங்க யாருங்க?"

வந்தவர் பழைய கல்யாண போட்டோ ஒன்றை நீட்டிக்கொண்டு, எத்தனை அடி அகலம், எப்போது கிடைக்கும் என்று பறந்துகொண்டிருப்பார். எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால் பாடை கட்டுவதற்கு முன்பே தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டியாக வேண்டும். முதலில் கட்டியவர் யார் என்பதைக் கருமாதி வரைக்கும் பேசுவார்கள். இவளோ எல்லா வேலையையும் முடித்து, 'தோற்றம்' என்பதற்கு நேரே பிறந்த தேதியைப் போட்டுவிட்டு, 'மறைவு' என்பதற்கு நேரே மட்டும் காலியாக விட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். போனில் சொன்னார்கள் என்றால் ஒப்புக்கொள்ள மாட்டாள். போனில் சொன்னவர் பார்த்தாரா, பக்கத்தில் இருந்தாரா என்று கேட்பாள்.

ஒருவருக்குக் கோபம் வந்துவிட்டது. அப்பன் செத்ததற்கு உன்னிடம் சர்ட்டிபிகேட் வாங்க வேண்டுமா என்று கத்தினார். அவள் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டாள். ஆனாலும் கீபோர்டில் கை வைக்கவில்லை.

"சர்ட்டிபிகேட் வேணாங்க. பாத்தேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்."

"பாத்தேன்" என்றார் அவர். சொன்ன கையோடு ஸ்டூலில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டார். அதுவரை பந்தல், ஐஸ் பெட்டி, பேனர் என்று ஓடிக்கொண்டிருந்த மனிதர். அவர் அழுது ஓயும் வரை காத்திருந்துவிட்டு, பிறகுதான் தேதியை அடித்தாள்.

மன்னார்குடியில் பெரிய குளத்தை ஒட்டிய தெருவில் இருந்தது அந்த பிளக்ஸ் கடை. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவளுடைய கம்ப்யூட்டர், இந்தப் பக்கம் என் மிஷின். அவள் டிசைன் செய்து அனுப்புவாள், நான் அடித்துக் கொடியில் காயப்போடுவேன். அவள் என்னை அண்ணே என்பாள். அவள் அளவுக்குப் பயப்படுகிற ஆளை நான் பார்த்ததில்லை. நானும் ஒன்றும் பெரிய வீரன் கிடையாது.

பயப்படுவதற்குக் காரணம் இல்லாமலும் இல்லை. கட்சி பேனர்தான் எங்களுக்குச் சோறு போட்டது. ஆட்சி மாறினால் பேனரின் நிறம் மாறும், முகங்கள் மாறும், ஆனால் சண்டை மாறாது. நகரச் செயலாளரின் முகத்தைவிட ஒன்றியச் செயலாளரின் முகம் ஒரு விரற்கடை பெரிதாகிவிட்டால் மறுநாள் காலையில் கடைக்கு முன்னால் நான்கு பைக் நிற்கும். அவள் நிஜமாகவே பிளாஸ்டிக் ஸ்கேலை எடுத்துத் திரையில் வைத்து முகங்களை அளப்பாள். மோவாய் நீளமான ஒரு வட்டச் செயலாளர் இருந்தார், அவரால் இவள் பட்ட பாடு கொஞ்சமில்லை.

பெரியவரின் பிறந்தநாள் வந்தபோது நடந்தது எனக்கு இன்னும் சிரிப்பாக வரும். பெரியவர் என்றால் எங்கள் சுற்றுவட்டாரத்தில் யாரைச் சொல்கிறோம் என்று பெயர் சொல்லாமலே தெரியும். பண்ணை வீட்டுக்காரர். உச்சவரம்புச் சட்டத்தில் நிலமெல்லாம் போய்விட்டதாகக் காகிதத்தில் இருக்கும். வயலில் இறங்கி யாருடையது என்று கேட்டால் அவர் பெயரைத்தான் சொல்வார்கள். எந்தக் கட்சி ஆண்டாலும் அந்தக் கட்சியில் அவருக்கு ஒரு நாற்காலி இருக்கும். அந்த வருடம் கோயில் நிலத்துக் குத்தகைக்காரர்களை அவர் கிளப்பப் பார்க்க, விவசாயத் தொழிலாளர் சங்கம் போராட்டம் அறிவித்திருந்தது. பெரியவரை வாழ்த்தி ஒரு பேனர், பெரியவரைக் கண்டித்து ஒரு பேனர், இரண்டும் ஒரே நாளில் எங்கள் கடைக்கு வந்தன. இரண்டையும் அவள்தான் செய்தாள், இரண்டையும் நான்தான் அடித்தேன். சங்கத்துப் பேனர் மை காயாமல் தரையில் கிடந்தபோது பெரியவரின் மகன் சின்னவர் வாழ்த்துப் பேனரைப் பார்க்கக் கடைக்குள் வந்துவிட்டார். ஓடி ஒளிக்க நேரமில்லை. அவள் பேனரைச் சரசரவென்று மடித்து நாற்காலியில் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டாள். அவர் போன பிறகு எழுந்தால், சேலையின் பின்புறம் முழுக்க 'நிலத்தை விடமாட்டோம்' என்று இடவலம் மாறிச் சிவப்பு எழுத்து. அன்று வீட்டுக்கு அவள் சுவரை ஒட்டியே நடந்து போனாள்.

அந்தக் கேள்வி அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று ஒரு முறை டீ குடிக்கும்போது சொன்னாள். அவள் புருஷன் மலேசியாவுக்கு வேலைக்குப் போனவன். ஒரு நாள் ஊரில் யாருக்கோ போன் வந்தது, அவன் லாரி மோதி இறந்துவிட்டான் என்று. உடம்பு வரவில்லை. எல்லாரும் அழுதார்கள். பதினாறாம் நாள் சடங்கு வைத்து, பெரிய மனுஷிகள் சுற்றி நின்று, தாலியைக் கழற்றிப் பால் செம்பில் போட்டார்கள். ஒரு வருடம் கழித்து அவனே போனில் பேசினான். அங்கே வேறு குடும்பம் ஆகிவிட்டது, தேட வேண்டாம் என்று சொல்லத்தான் கூப்பிட்டிருந்தான். "ஊரே கூடி அழுதுச்சுண்ணே. ஒருத்தர்கூட, யாரு பாத்ததுன்னு கேக்கல" என்றாள். சொல்லிவிட்டுக் கிளாஸைக் கழுவி வைத்தாள்.

விதவையாகவும் இல்லாமல் பெண்டாட்டியாகவும் இல்லாமல் அவள் மன்னார்குடியில் ஒரு போர்ஷன் எடுத்துத் தனியாக இருந்தாள். திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக் கிராமத்தில் அவளுடைய அப்பா விட்டுப்போன நஞ்சை இருந்தது. மகளுக்கும் பங்கு உண்டு என்று சட்டம் வந்து எவ்வளவோ காலமாகியும் எங்கள் பக்கத்து அண்ணன்மார் அதை ஒரு வதந்தியைப் போலத்தான் நடத்துவார்கள். பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடு, வீட்டோடு வந்து இரு, ஒரு வாய்ச் சோறு போடுகிறோம் என்பது அவளுடைய அண்ணனின் பேச்சு. அவள் போடாமல் தள்ளிக்கொண்டே வந்தாள்.

"ஒண்ணாந்தேதி சம்பளம் வர்ற வரைக்கும் முடியாதுன்னு சொல்லிக்கிட்டு இருக்கலாம்ணே. அது நின்னா கையெழுத்துதான். அப்புறம் அவங்க வீட்டு அடுப்படிதான்" என்பாள். அவளுக்கு வேலை என்றால் அதுதான்.

அந்த வேலை போன கதை இது. பெரியவரை நெஞ்சுவலி என்று தஞ்சாவூரில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். ஒரு நாள் முற்பகல் சின்னவரே கடைக்கு வந்து, அவள் மேஜை மேல் ஒரு போட்டோவை வைத்தார். அஞ்சலி பேனர் தயாராக இருக்கட்டும் என்றார். அவள் வழக்கம்போலக் கேட்டாள். "இன்னும் இல்ல. ரெடியா வை" என்றார் அவர். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் முகம் வெளிறிப்போயிற்று. பேனரை முடித்து, மறைவுக்கு நேரே காலியாக விட்டு வைத்தாள்.

இரண்டொரு நாளில் அண்ணன் கூப்பிட்டான் என்று அவள் திருத்துறைப்பூண்டிக்குப் போயிருந்தாள். அன்று பார்த்து ஊருக்குள் பேச்சு கிளம்பியது, பெரியவர் போய்விட்டார் என்று. கட்சிக்காரர்கள் கடையை மொய்த்துக்கொண்டார்கள். முதலாளி தன் கையாலேயே தேதியை அடித்து மிஷினுக்கு அனுப்பினார். கீழே போடும் பெயரை மட்டும் மாற்றி மாற்றி ஒரே பேனரை நான் அடித்துக்கொண்டே இருந்தேன். சாயங்காலத்துக்குள் தஞ்சாவூர்ச் சாலை முழுக்க சவுக்குக் கம்பில் பெரியவர் சிரித்துக்கொண்டு நின்றார்.

அந்தச் சாலையில்தான் அவர் காரில் உயிரோடு திரும்பி வந்தார். முதல் பேனரைக் கண்டதும் காரை நிறுத்தச் சொல்லி, இறங்கி, வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்று, மேலிருந்து கீழே யார் யார் பெயர் இருக்கிறது என்று படித்தாராம். பிறகு ஒவ்வொரு பேனரிலும் நிறுத்திப் படித்தாராம். வீடு போய்ச் சேர வெகுநேரம் ஆயிற்று.

அன்றே பண்ணை வீட்டு ஆட்கள் கடைக்கு வந்துவிட்டார்கள். முதலாளி கொஞ்சமும் யோசிக்கவில்லை. டிசைன் பண்ணுகிற பெண் அவசரப்பட்டுச் செய்துவிட்டது, இன்றோடு நிறுத்திவிட்டேன் என்றார். ஊரிலேயே இல்லாதவள் மேல் பழி போயிற்று. மறுநாள் அவள் வந்தபோது நாற்காலியில் வேறு ஆள் இருந்தார். அவள் முதலாளியிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஸ்கேலை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு, "வரேண்ணே" என்று போனாள்.

பிறகு அவள் வேலை தேடிய நாட்கள். காலையில் தஞ்சாவூர் பஸ்ஸில் ஏறுவாள். டிசைனர் தேவை என்று கதவில் ஒட்டாத கடை அங்கே இல்லை. உள்ளே போனால் முதலில் உட்காரவைத்து ஒன்றைச் செய்யச் சொல்வார்கள். பார்த்து அசந்துபோவார்கள். எப்போது சேரலாம் என்று பேசிக்கொண்டே, முன்னால் எங்கே இருந்தீர்கள் என்று கேட்பார்கள். மன்னார்குடி என்றதும் பேச்சு மெதுவாகும். அந்த அஞ்சலி பேனரா என்பார்கள். சொல்லி அனுப்புகிறோம் என்பார்கள். பெரியவரின் கை எதுவரை நீளும் என்று யாருக்கும் தெரியாது, அதனால் எல்லாரும் பயந்தார்கள்.

ஒருவர் மட்டும் வெளிப்படையாகப் பேசினார். வீட்டிலிருந்து பீஸ் கணக்கில் செய்து கொடு, உன் பெயர் வெளியே வரக்கூடாது என்றார். இவளிடம் வீட்டில் கம்ப்யூட்டர் ஏது. இன்னொருவர் டிசைனும் செய்து, பில்லும் போட்டு, ஏணியில் ஏறிப் பேனரும் கட்டுகிற ஆள் வேண்டும், ஆம்பளையாக இருந்தால் நல்லது என்றார். மற்றொரு கடையில் பரீட்சைக்கென்று செய்யச் சொன்ன ஜவுளிக்கடை பேனர், அடுத்த வாரமே பழைய பஸ் நிலையத்தில் அரை வீடு உயரத்துக்குத் தொங்கியது. அவள் அதன் கீழே நின்று பார்த்திருக்கிறாள். கோபம் வரவில்லையா என்று கேட்டேன். "இது என் கைவேலைன்னு யாராவது கண்டுபிடிச்சுட்டா அந்தக் கடைக்காரருக்குப் பிரச்சனை வந்துடுமேண்ணே" என்றாள். என்ன சொல்வது அவளை.

ஒரு விளம்பர ஆபீசில் மட்டும், பழைய வேலைகளைக் காட்டுங்கள், பிடித்திருந்தால் நிரந்தரமாகவே எடுத்துக்கொள்கிறோம் என்றார்களாம். ஃபைல் எல்லாம் எங்கள் கடைக் கம்ப்யூட்டரில் கிடந்தது, முதலாளி தர மறுத்துவிட்டார். அப்போது அறுவடை முடிந்த நேரம். கொள்முதல் நிலையத்தில் எங்கள் வீட்டு நெல்லும் கொட்டிக் கிடந்தது, காவலுக்கு நான் உட்கார்ந்திருந்தேன். கையில் போனோடு அவள் வந்து நின்றாள். எங்கள் ஊரில் பழைய பிளக்ஸ் எல்லாம் கடைசியில் வந்து சேருகிற இடம் அதுதான், மழைக்கு நெல்லை மூட. குவியல் குவியலாகப் போய்த் தன்னுடையதைத் தேடினாள். காதணி விழா ஒன்று, கட்சி மாநாடு ஒன்று, கிழிந்த புதுமனைப் புகுவிழா ஒன்று. ஓரத்தில் வைத்த கல்லை நகர்த்தி, சுருக்கத்தைக் கையால் நீவிவிட்டுப் படம் எடுத்தாள். மேகம் கட்டியிருக்கிறது, தார்ப்பாயில் கை வைக்காதே என்று ஒரு விவசாயி விரட்டினார். அவள் எடுத்த படங்களில் ஒவ்வொரு முகத்தின் மேலும் நெல்லும் காக்கை எச்சமும் இருந்தன. அந்த ஆபீசில் என்ன சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

வாடகைக்கு வீட்டுக்காரம்மா நச்சரிக்க ஆரம்பித்தாள். அண்ணன் ரிஜிஸ்தர் ஆபீசில் புதன்கிழமைக்கு நாள் குறித்துவிட்டான். அதற்கு முந்தின வாரம் பண்ணை வீட்டிலிருந்து அவள் வாசலுக்குக் கார் வந்தது. பெரியவர் கூப்பிடுகிறார். அவள் எனக்குப் போன் செய்து, "கூட வாங்கண்ணே" என்றாள். போனேன்.

பெரியவர் பிரம்பு நாற்காலியில் இருந்தார். மெலிந்து, காது மட்டும் பெரிதாகத் தெரிந்தது. காலடியில் அந்தப் பேனர் மடித்துக் கிடந்தது. நாற்காலிக்குப் பின்னால் சின்னவர் நின்றார். பெரியவர் என்னை ஒரு ஆளாகவே எண்ணவில்லை. அதற்கு நான் அன்று எல்லாச் சாமிக்கும் நன்றி சொன்னேன்.

"இந்தப் போட்டோ என் பீரோவுல இருந்தது. வெளிய ஒரு காப்பி கிடையாது" என்றார் அவளிடம். குரலில் கோபமே இல்லை. "என் மச்சானுக்குத் தஞ்சாவூர்ல பிரஸ் இருக்கு. நாளைக்கே போய் நீ வேலையில உக்காரலாம், மாசச் சம்பளம். இதை யாரு உன்கிட்ட கொண்டாந்து குடுத்தான்னு மட்டும் சொல்லு."

சின்னவர் அவளைப் பார்க்கவில்லை, சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் சேலை முந்தானையை முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

"நான் கண்ணால பாக்கலைங்கய்யா. வந்தப்ப மேஜை மேல இருந்துச்சு."

பெரியவர் அவளையே வெகுநேரம் பார்த்துவிட்டு, போகலாம் என்று கையைக் காட்டினார்.

வாய்க்கால் கரையோடு நடந்து வரும்போது எனக்குத் தாங்கவில்லை. உனக்கென்ன பைத்தியமா, கையில் வந்த வேலையைக் காலால் தள்ளிவிட்டாயே என்று கடிந்துகொண்டேன். அவள் நின்றாள்.

"சொல்லியிருந்தா நாளைக்கே ஒரு பேனர் நெசமாவே அடிக்க வேண்டி வந்திருக்கும்ணே. அது யாருக்குன்னுதான் தெரியல."

பஸ் வந்ததும் இருவரும் ஏறிக்கொண்டோம்.

திங்கட்கிழமை காலை சின்னவர் தனியாகக் கடைக்கு வந்தார். பெரியவர் போய்விட்டார் என்றார். முதலாளி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். அந்தப் பழைய ஃபைலையே திறந்தார்கள். பழைய தேதியை அழித்து மறைவுக்கு நேரே காலியானதைப் பார்த்ததும் என் வாய் என்னை அறியாமல் கேட்டுவிட்டது. "கண்ணால பாத்தவங்க யாருங்க?"

முதலாளி என்னை எரிப்பதைப் போலப் பார்த்தார். சின்னவர் மெதுவாகத் திரும்பினார்.

"நான்தான். நான் மட்டும்தான் பக்கத்துல இருந்தேன்" என்றார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "தஞ்சாவூர்ல நான் ஒரு பிரிண்டிங் யூனிட் ஆரம்பிக்கிறேன். அந்தப் பொண்ண வரச் சொல்லுங்க. எதைப் பேசணும் எதைப் பேசக்கூடாதுன்னு தெரிஞ்ச பொண்ணு. நெரந்தர வேலை."

மத்தியானம் போய் அவளிடம் சொன்னேன். விடுதலைப் பத்திரத்துக்கு வேண்டிய போட்டோவும் அடையாள அட்டையும் ஒரு கவரில் கதவோரம் தயாராக இருந்தன. நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, பெரியவரைக் கண்ணால் பார்த்தவர் யார் என்று கேட்டாள். சொன்னேன். குழாயடியில் குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது, போய் நிறுத்தக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

"வயசானவர்தானேண்ணே" என்றாள் கடைசியில். "ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமா அலைஞ்சவர்தானே."

ஆமாம் என்றேன். நெஞ்சுவலி பழைய நெஞ்சுவலிதான் என்றேன். இருவரும் தேவைக்கு அதிகமாகவே தலையை ஆட்டிக்கொண்டோம். எனக்கு நிஜமாக ஒன்றும் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. அவர் முதுமையில் தானாகவே இறந்திருக்கலாம். புதன்கிழமை வரமுடியாது என்று அவள் அண்ணனுக்குப் போன் செய்தாள்.

நிலம் அவள் பெயரில் நின்றது. பாகம் பிரித்து, பட்டா மாற்றி, குத்தகைக்கும் விட்டுவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். தஞ்சாவூரிலேயே வீடு எடுத்துவிட்டாள். நான் போய்ப் பார்க்கவில்லை. போகக்கூடாது என்றில்லை, ஏதோ ஒரு தயக்கம்.

சில வருடங்கள் கழித்து ஒரு விடியலில் என் அப்பா இறந்தார். எங்கள் கடை மிஷின் பழுதாகிக் கிடந்தது. போட்டோவை எடுத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் அவளைத்தான் தேடிப் போனேன். பெரிய இடம், குளுகுளுவென்று கண்ணாடி அறை. உள்ளே இன்னொரு கதவு, அது சின்னவரின் அறை. அவள் கொஞ்சம் பூசினாற்போல இருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து, "வாங்கண்ணே" என்றாள். போட்டோவைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. தண்ணீர் கொடுத்துவிட்டு உட்கார்ந்து பெயர் கேட்டாள், பிள்ளைகள் பெயர் கேட்டாள். தோற்றம் போட்டாள். அதே வேகத்தில், கையை எடுக்காமல், மறைவுக்கு நேரே அன்றைய தேதியையும் போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போனாள்.

நான் காத்துக்கொண்டிருந்தேன். ராத்திரி முழுக்க அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தவன் நான். விடிந்ததிலிருந்து பந்தல்காரருக்கும் உறவுக்கும் போன் செய்து செய்து எனக்கு அழ நேரமில்லை. அவள் கேட்பாள், சொல்லிவிட்டு, அன்று எங்கள் கடையில் ஒருவர் அழுததைப் போல உட்கார்ந்து அழுதுவிடலாம் என்றுதான் அவ்வளவு தூரம் வந்தேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

"நான் பக்கத்துலயேதாம்மா இருந்தேன்" என்றேன். "கண்ணால பாத்தேன்."

அவள் விரல்கள் நின்றன. தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் உயர்த்திச் சின்னவரின் அறைக் கதவைப் பார்த்தாள். அது மூடித்தான் இருந்தது. பிறகு எனக்கு மட்டும் கேட்கிற குரலில், "நான் கேக்கலையேண்ணே" என்றாள்.